மேனேஜருக்குக் காது நிற்காது

யார் வீட்டு விஷயத்திலும் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. காது மட்டும் கொடுப்பேன். எங்கள் கட்டடத்தின் அமைப்பும் அதற்குத் தோதாக இருக்கிறது. கீழே தெருவைப் பார்த்தபடி பியூட்டி பார்லர். ஒரு நீலத் திரைக்குப் பின்னால் பார்லர்காரியின் வீடு. அந்த வீட்டுக்கு நேர் மேலே என் சமையலறை. அவர்கள் சத்தமாகப் பேசினால் எனக்குக் கேட்கும். குரலைத் தாழ்த்திப் பேசினால் இன்னும் நன்றாகக் கேட்கும், ஏனென்றால் அப்போது நான் குழாயை மூடிவிடுவேன்.

அதனால் அவர்கள் வீட்டில் ஒரு நாய்க்குட்டி கூடையில் வந்து இறங்கியபோது, அது கண்ணைத் திறந்து வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே நான் படியிறங்கி வந்து அதைப் பார்த்துவிட்டேன்.

கொண்டுவந்தவர் கப்புக்காரர். பார்லர்காரியின் புருஷனுக்கு அக்கா வீட்டுக்காரர். முப்பது வருஷமாக நாய் வளர்த்து, கண்காட்சிகளுக்குக் கூட்டிப்போய், வாங்கிய கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். டீ ஊற்றித் தருகிற கப்பைத் தவிர மற்ற கப்பெல்லாம் அந்த வீட்டில் பளபளக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களையும் அவர் நடுவர் கண்ணால்தான் பார்ப்பார். பார்லர்காரியைப் பெண் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம், "பல் வரிசை நல்லா இருக்கு, நடையும் பரவாயில்ல."

பார்லர்காரியின் புருஷனை எங்கள் தெருவில் விசில் என்போம். ஒரு பெரிய கிடங்கில் காவலாளிகளுக்கு சூப்பர்வைசர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அவர் அதை ஊதி யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியிடம் உட்கார்ந்து மீசைக்கு டை அடித்து முறுக்கிக்கொள்வார். அந்த மீசையோடு திங்கட்கிழமை கிடங்கு கேட்டில் நிற்கும்போது, ஒரு லாரி டிரைவர் "ஓரமா நில்லுங்க சார்" என்றானாம். அன்று பூராவும் ஓரமாகவே நின்றாராம்.

"உன் வேலைக்கு ஒரு கம்பீரம் வேணும்டா. இது பக்கத்துல நின்னா போதும், நீ வாயே திறக்க வேண்டாம்," என்று கூடையை வைத்தார் கப்புக்காரர்.

எட்டு வாரக் குட்டி, டாபர்மேன். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பொட்டு வைத்ததுபோல் இரண்டு பழுப்புப் புள்ளி. காதுகள் இரண்டும் நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கின. பார்லர்காரி அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"வால் எங்கே அண்ணா?"

"அது பொறந்த மூணாம் நாளே எடுத்தாச்சும்மா."

"எதுக்கு?"

"டாபர்மேன்மா!" என்றார் அவர், அதுவே பதில் என்பதுபோல.

வால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் அளவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மீதி வாலும் இருப்பதாக நினைத்து அது ஆட்டுகிறதோ என்று எனக்குத் தோன்றியது.

விசில் அதற்குப் பெரிய பெரிய பெயராக யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் குட்டி தானே ஒரு பெயர் சம்பாதித்துக்கொண்டது. காலையில் பார்லர் கதவு திறந்ததும் வாசலில் போய் உட்காரும். உள்ளே வருகிற ஒவ்வொருத்தியையும் செருப்பிலிருந்து கொண்டை வரை நிதானமாகப் பார்க்கும். பார்த்து முடித்த பிறகுதான் வழி விடும். மேனேஜர் என்று நான்தான் முதலில் சொன்னேன். ஒட்டிக்கொண்டது.

மூளை என்றால் அப்படி ஒரு மூளை. வந்த நாலாம் நாள் துண்டுக் கூடையின் மூடியை மூக்கால் தள்ளித் திறக்கக் கற்றுக்கொண்டது. ஆறாம் நாள், முடி கழுவுகிற குழாய்ச் சத்தம் நின்றால் ஒரு துண்டை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும். தண்ணீர் தெளிக்கிற பாட்டில் அதற்குப் பிடிக்காது. அந்த பாட்டில் தினமும் காணாமல் போய் தினமும் கட்டிலுக்கு அடியிலிருந்து கிடைத்தது. அதன் மனசில் இருப்பதெல்லாம் காதில் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு காது முன்னே, ஒரு காது பின்னே. சந்தோஷம் வந்தால் இரண்டும் விசிறி. வாடிக்கைக்காரிகள் கண்ணாடியைப் பார்ப்பதைவிட அந்தக் காதைப் பார்த்துத்தான் முடிவெட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் பார்லரின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பெண்ணை அவளுடைய சித்தி கூட்டிவந்தாள். பதினைந்து வயசிருக்கும், முட்டி வரை முடி. "தோள் வரைக்கும் வெட்டிடுங்க, வாரி விட யாருக்கு நேரம்," என்றாள் சித்தி. பெண் தூண் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெட்டி முடித்து நாற்காலியைத் திருப்பினால், கழுத்தில் கட்டிய துணி மார்பு வரை கண்ணீரில் நனைந்திருந்தது. ஒரு சத்தமில்லை, ஒரு அசைவில்லை. நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். பார்லர்காரி அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டாள்.

மறுநாளிலிருந்து சட்டம். திரும்ப ஒட்டவைக்க முடியாத எதையும், முடியைக் குட்டையாக்குவதோ காது குத்துவதோ, மூன்று முறை கேட்காமல் செய்யமாட்டாள். முதலில், "கூட வந்தவங்க வெளியே." அம்மாவானாலும் சரி, கட்டிக்கப்போகிறவனானாலும் சரி, திரை இழுத்துவிடுவாள். அப்புறம் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி ஒரு முறை, துணியைக் கட்டிவிட்டு ஒரு முறை, கத்திரியைத் திறந்து பிடித்து ஒரு முறை. "சரியா?" மூன்றாவதில் துணியை உருவிப் போட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவாள்.

வாலைப் போலவே குட்டியின் காதையும் வெட்டி நிமிர்த்திவிட வேண்டும் என்று கப்புக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். தடுப்பூசி போடப் போனபோது கால்நடை டாக்டரம்மாவிடம் பார்லர்காரி அதைக் கேட்டிருக்கிறாள். "நோய்னா வெட்டுவேன். அழகுக்கு வெட்ட மாட்டேன்," என்று அந்தம்மா முடித்துவிட்டாராம். அதோடு பேச்சு தீர்ந்தது என்று இவள் நினைத்தாள். கப்புக்காரரை அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

குட்டிக்குப் பதினோராவது வாரம், ஒரு திங்கட்கிழமை, அவர் பார்லர் வாசலில் வந்து நின்றார். பெண்கள் இருக்கிற நேரமானதால் உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே அறிவித்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஆள் வருது. பன்னிரண்டு வாரம் தாண்டினா காது முத்திடும். அப்புறம் வெட்டினாலும் நிக்காது."

"டாக்டரம்மா முடியாதுன்னுட்டாங்களே அண்ணா."

"அந்தம்மாவுக்கு என்னம்மா தெரியும்? இவரு படிச்ச டாக்டர் இல்ல, கைப்பழக்கக்காரர். என் நாய்ங்க எல்லாத்துக்கும் இவருதான். வெட்டி, தையல் போட்டு, தலை மேல ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவுத்து, ரெண்டு காதையும் தூக்கி அதுல ஒட்டி, பிளாஸ்திரி சுத்திடுவாரு. வாராவாரம் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டணும். நாலஞ்சு மாசம். அப்புறம் பாரு, ரெண்டு காதும் ஈட்டி மாதிரி நிக்கும்."

கப்பு இல்லாமல் அவருக்கு ஒரு வேலையும் ஓடாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"தொங்கினா என்ன குறைஞ்சு போச்சு?"

"தொங்கினா அது டாபர்மேன் இல்லம்மா. முயல்."

நாற்காலியில் கணக்கு டீச்சர். ஒரு புருவம் எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. ஒரு கண்ணை மூடிக்கொண்டே அவரும் சேர்ந்துகொண்டார். "காது தொங்கினா உள்ளே சீழ் பிடிக்கும்னு சொல்றாங்களே?"

"துடைச்சு விடறேன் டீச்சர். உங்க தலையில பொடுகு வந்தா தலையையா எடுத்தேன்?"

கப்புக்காரருக்கு மூக்கு சிவந்தது. "ஊர்ல இருக்கற புருவத்தையெல்லாம் நூல் போட்டுப் பிடுங்கறவ நீ. முடியைச் சுருட்டறது, நீட்டறது, சாயம் அடிக்கறது, காதுல ஓட்டை போடறது, இதானே உன் பொழப்பு? உனக்கு ஒரு நாய்க் காது பெரிசாப் போச்சா?"

"அதானே!" என்றார் டீச்சர். "நூல் போடறப்போ நான் கத்தற கத்து தெருமுனைக்குக் கேக்குது. அப்போல்லாம் எங்கே போச்சு இந்த இரக்கம்?"

"கத்தினீங்க டீச்சர், இல்லேன்னு சொல்லல. ஒரு புருவத்தோட எந்திரிச்சுப் போக உங்களை யாராவது தடுத்தாங்களா?"

டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு புருவம் வில்லாகவும் இன்னொன்று புதராகவும் இருந்தது. மற்றதையும் காட்டினார்.

"அதான் வித்தியாசம்," என்று பார்லர்காரி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "இங்கே வர்றவங்க தானா வந்து உக்கார்றாங்க. நிறுத்துன்னா நிறுத்தறேன். இதோட வால் நான் இல்லாதப்போ போச்சு. காது நான் இருக்கறப்போ போகாது."

"நாய் வாயைத் திறந்து சொல்லணுமா உனக்கு?"

இங்கேதான் அவள் சறுக்கினாள். கோபத்தில் இருந்தாள், நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சட்டம் அவளுடையது.

"சொல்ல வேண்டாம். என் நாற்காலியில ஏறி உக்காரட்டும். எல்லாரையும் கேக்கற மாதிரி மூணு தடவை கேக்கறேன். மூணு தடவையும் இறங்காம உக்காந்திருந்தா கூட்டிட்டுப் போங்க. நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

கப்புக்காரர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. "டீச்சர், நீங்க சாட்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பது வருஷமாக நாய்களை உட்காரவும் நிற்கவும் பழக்குகிற மனிதரிடம், இருக்கிற நாய்களிலேயே சொன்னதைச் சட்டென்று பிடிக்கிற ஒரு ஜாதியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வார்த்தையை விட இவளால்தான் முடியும்.

அன்று சாயங்காலம் நான் குழாயை மூடிவிட்டேன்.

"எதுக்கு அப்படி ஒரு வார்த்தையை விட்ட?" இது விசில்.

"நீங்க ஒரு வார்த்தையும் விடல இல்ல, அதான்."

"மாமா பெரியவரு..."

"உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

அந்த மனிதர் சொன்னார், "அந்த கேட்டுல நான் நிக்கறப்போ ஒருத்தனும் நிமிர்ந்து பாக்கறதில்ல. காது நின்ன நாய் ஒண்ணு பக்கத்துல இருந்தா பார்ப்பான்ல?"

"பார்ப்பான். நாயைப் பார்ப்பான்."

நான் குழாயைத் திறந்துவிட்டேன். எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து தினம் சாயங்காலம் கப்புக்காரர் மொட்டை மாடிக்கு வந்தார். பழைய சுழல் நாற்காலி ஒன்று அங்கே கிடந்தது. நான் துணி காயப்போடுகிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்தேன். காய்ந்த துணியையே மறுபடி நனைத்துக் கொண்டுபோனேன். முதல் நாள் நாற்காலியில் ஏறி உட்கார்வது. இரண்டாம் நாள் கழுத்தில் துணி. மூன்றாம் நாள் காதோரம் கத்திரிச் சத்தம். அசையாமல் இருந்தால் பிஸ்கட். அசைந்தால் அடி இல்லை, திட்டு இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். குட்டிக்கு அது போதும். யாராவது தன்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதை அதனால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அது பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. விசில், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றார், பெருமையும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல் ஒரு முகம்.

"நீயும் பழக்கேன்," என்றேன் பார்லர்காரியிடம். "கத்திரியைப் பார்த்தா குதிச்சு ஓடணும்னு. உன்கிட்டதானே பகல் பூரா இருக்கு?"

"அவரு உக்காரப் பழக்கறாரு, நான் ஓடப் பழக்கணுமா அக்கா? நடுவுல அதுக்கு என்ன தோணுதுன்னு யாரு கேக்கறது?"

நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போட முடியாது என்பதுதான் சங்கடம்.

ஞாயிறு பார்லருக்கு விடுமுறை. ஒன்பதரைக்கே நான் போய் தலைக்கு டை போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தலை பூராவும் டை பூசியிருக்கும்போது யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது அல்லவா? பத்து மணிக்குக் கப்புக்காரர் வந்தார். பின்னால் தோல் பை ஒன்றுடன் கைப்பழக்கக்காரர். சாட்சி சொல்ல டீச்சர். விசில் குட்டியைக் கொண்டுவந்து விட்டார். அது யாரும் சொல்லாமலே நாற்காலியில் தாவி ஏறி, நேராக உட்கார்ந்து, எல்லோரையும் ஒரு முறை பார்த்தது. காதுகள் விசிறிபோல் விரிந்தன. எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன் பார் என்று சொல்லாத குறை.

"கூட வந்தவங்க வெளியே," என்றாள் பார்லர்காரி.

"என்னது?"

"எல்லாருக்கும் உள்ள சட்டம்தான் அண்ணா. நீங்களும்தான்," என்று புருஷனையும் பார்த்தாள். எல்லோரும் திரைக்கு அந்தப் பக்கம் போனார்கள். நான் தலையைச் சுட்டிக் காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். "காதை வெட்டப் போறாங்க. சரியா?"

குட்டி அசையவில்லை.

துணியைக் கட்டினாள். "சரியா?"

அசையவில்லை. ஆனால் காது இரண்டும் மெல்லப் பின்னால் போய் மண்டையோடு ஒட்டிக்கொண்டன.

கத்திரியைத் திறந்தாள். காதோரம் கொண்டுபோய் ஒரு முறை சத்தம் எழுப்பினாள். "சரியா?"

குட்டியின் கண் அவளையும் பார்க்கவில்லை, கத்திரியையும் பார்க்கவில்லை. திரைக்குக் கீழே தெரிந்த கப்புக்காரரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் செருப்பு திரும்பிவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கவில்லை. ஒரு அங்குலம் நகரவில்லை.

போச்சு, என்று நினைத்தேன்.

"அக்கா," என்றாள் அவள், மிக மெதுவாக. "துணியைப் பாருங்க."

பார்த்தேன். குட்டி சிலை மாதிரி இருந்தது. துணியின் கீழ் ஓரம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

சித்தியோடு வந்த அந்தப் பெண்ணின் பெயர்கூட எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் முட்டி வரை முடி வைத்திருந்த அந்தப் பெண் அப்போது அந்த நாற்காலியில்தான் இருந்தாள்.

"நான் ஒருத்திதான் பார்த்தேன்," என்றேன் அவள் காதில். "குதிச்சு இறங்கிடுச்சுன்னு சொல்லிடறேன். என் பேச்சை யாரு சந்தேகப்படப் போறாங்க?" (நிறையப் பேர் சந்தேகப்படுவார்கள். இருந்தாலும் சொன்னேன்.)

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம் அக்கா. இறங்கிடுச்சுன்னு சொன்னா, இறங்கலைன்னா வெட்டலாம்னு ஆயிடும்."

கத்திரியை மேஜை மேல் வைத்தாள். போய்த் திரையை முழுசாக இழுத்துத் திறந்தாள்.

"உக்காந்திருந்துச்சு," என்றாள் உரக்க. "மூணு தடவையும். கொஞ்சம்கூட அசையல. நீங்க ஜெயிச்சிட்டீங்க அண்ணா. ஆனா தர மாட்டேன்."

கப்புக்காரர் சிரிக்க ஆரம்பித்து பாதியில் நிறுத்தினார். "என்னம்மா சொல்ற?"

"தர மாட்டேன்னு சொல்றேன்."

"பேச்சு மாறறியா?"

"ஆமா, மாறறேன். இதோ, நாலு பேர் முன்னாடி மாறறேன். எனக்கு வார்த்தை சுத்தம் இல்லைன்னு தெரு பூராவும் சொல்லுங்க, அக்காவே சொல்லிடுவாங்க." இது நான். "வார்த்தை என்னோடது, அது போனா போகட்டும். காது அதோடது."

"டீச்சர்! நீங்க சாட்சி!"

டீச்சர் தன் இரண்டு புருவத்தையும் உயர்த்தினார். ஒரே அளவில் அழகாக இருந்தன. "அவ என்ன சொன்னாங்கறதுக்கு நான் சாட்சி. வெட்டறதுக்கு இல்ல."

"முட்டாள்தனமா இருக்கு! உக்காந்திருந்தா சரின்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். தப்பு. அசையாம இருக்கறது சரிங்கற பதில் இல்ல. அது நீங்க முகத்தைத் திருப்பிக்கக் கூடாதேன்னு உக்காந்திருக்கு. இந்தச் சட்டத்தை வச்சு எத்தனை பேருக்கு வெட்டியிருப்பேனோ, அதை நெனைச்சா எனக்கு இப்போ கத்திரியைத் தொடவே மனசு வரல."

கைப்பழக்கக்காரர் பையைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கப்புக்காரர் மச்சானைப் பிடித்தார். "டேய், நாய் உனக்குக் கொடுத்தது. நீ சொல்லு. கூட்டிட்டுப் போகலாமா?"

"கேளுங்க அண்ணா," என்றாள் பார்லர்காரி. "மூணு தடவை கேளுங்க."

"போகலாமாடா?"

விசில் மாமாவின் முகத்தைப் பார்த்தார். "அது வந்து மாமா..."

"அவரு முகத்தைப் பார்த்துச் சொன்னா கணக்கில்ல," என்றாள் அவள்.

"போகலாமா?"

இப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என் முகத்தைப் பார்த்தாலும் கணக்கில்ல."

"டேய், கடைசியா கேக்கறேன்."

பாவம், பார்க்க வேறு முகம் இல்லாமல் அவர் நாற்காலியைப் பார்த்தார். இத்தனை கூச்சலிலும் மேனேஜர் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கழுத்தில் துணி கட்டியபடி. இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அதனால் அது இறங்கவில்லை. துணி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

விசில் கழுத்திலிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார்.

கண்ணாடி அதிர்ந்தது. என் தலையிலிருந்து டை ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. கைப்பழக்கக்காரர் வாசலுக்கு வெளியே நின்றார், எப்படிப் போனார் என்று தெரியாது. எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. குட்டி ஒரே தாவலில் நாற்காலியை விட்டு இறங்கி, துணி தரையில் புரள ஓடிவந்து அவர் காலுக்கு இடையில் புகுந்துகொண்டது.

"வேண்டாம் மாமா," என்றார் விசில். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்தக் குரலும் சின்னதாகத்தான் கேட்டிருக்கும். "இப்படியே நிக்கட்டும் என் பக்கத்துல."

"முயலை வளருங்க!" என்றார் கப்புக்காரர். போய்விட்டார். எட்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த எட்டு மாதத்தில் மேனேஜர் என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தது. காதும் அதற்குச் சளைக்காமல் வளர்ந்தது. ஓடினால் இரண்டும் கொடி மாதிரி பறக்கும். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கத் தெரியும், மூடவும் தெரியும், அதனால் யார் தின்றது என்று யாராலும் நிரூபிக்க முடிவதில்லை. காலையில் கிடங்கு கேட்டில் வேலை, மதியத்துக்கு மேல் பார்லரில் வேலை. லாரிக்காரர்கள் நிறுத்தித்தான் போகிறார்களாம். நாயைப் பார்த்தா, விசிலைக் கேட்டா என்று தெரியவில்லை. அந்த மனிதர் இப்போது பால் பொங்கினால்கூட ஊதுகிறார். என் காதுதான் போகிறது.

பார்லரின் சட்டமும் மாறிவிட்டது. மூன்று முறை கேட்ட பிறகு துணியை அவிழ்த்து, நாற்காலியை இறக்கி, "வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க," என்கிறாள். தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் கத்திரி. இதனால் ஒரு முடிவெட்டுக்கு அரை நாள் ஆகிறது என்று டீச்சர் முணுமுணுக்கிறார். ஆனால் வேறு பார்லருக்குப் போவதில்லை.

போன ஞாயிறு கப்புக்காரரை அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பெரிய கண்காட்சியில் அவர்தான் தலைமை நடுவராம், பத்திரிகைக்குப் படம் எடுக்கிறார்களாம்.

"இவரு காதுல இருக்கற முடியை வெட்டிவிடும்மா," என்றாள். "படத்துல புதர் மாதிரி தெரியுது. எனக்கு அசிங்கமா இருக்கு."

நிஜமாகவே புதர்தான். நான் எப்படிப் பார்த்தேன் என்றால், அன்றைக்கும் எனக்குத் தலையில் டை.

"அண்ணி, கூட வந்தவங்க வெளியே," என்றாள் பார்லர்காரி.

கப்புக்காரர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார்.

"காதோரம் கத்திரி வைக்கணும் அண்ணா. சரியா?"

"ம்."

துணி கட்டினாள். "சரியா?"

"அதான் ம்னேனே."

கத்திரியைத் திறந்தாள். காதுக்குப் பக்கத்தில் அது ஒரு முறை சரக்கென்றது. அவர் தோள் இரண்டும் தானாக மேலே ஏறின. மேனேஜர் வாசலிலிருந்து எழுந்து வந்து அவர் முட்டியில் தாடையை வைத்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. கை மட்டும் போய் அதன் காதைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"சரியான்னு கேட்டேன் அண்ணா."

"இரும்மா. மெதுவா."

"மெதுவாத்தான். ஆனா அதுக்கு முன்னாடி வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க."

"இது என்ன புதுசா?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். வாசல் வரை போய், வெளியே நிற்கிற மனைவியைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, திரும்பினார். நாற்காலி காலியாக இல்லை. மேனேஜர் ஏறி உட்கார்ந்திருந்தது. முதுகு நேராக, அவர் பழக்கிய அதே மாதிரி.

"இதை இறங்கச் சொல்லு," என்றார்.

"நீங்க சொல்லுங்க அண்ணா. நீங்க பழக்கினதுதானே."

"இறங்கு," என்றார் கப்புக்காரர்.

அது கண்ணாடியைப் பார்த்தது.

"இறங்கு!" என்று சொல்லிவிட்டு, பழைய வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்துக் கடைக்கண்ணால் பார்த்தார். அது இன்னும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறையும் சொன்னார். மேனேஜர் தலையை ஒரு உதறு உதறியது. இரண்டு காதும் கன்னத்தில் பளார் பளார் என்று அடித்துக்கொண்டன. அப்புறம் நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டது.